சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி மாதிரிகள் வெளியாவது நெடுநாள் வழக்கம். அப்படியொரு நாளில் நண்பர்கள் சிலர் ஓர் அச்சகத்து முன்னறையில் அமர்ந்து, தடித்த மாதிரித் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். முருகன், பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, திருவள்ளுவர் என்று படங்கள் போய்க்கொண்டே இருந்தன. நடுவில் தஞ்சைப் பெரிய கோயில். அதன் முன்னே கைகூப்பி நிற்கும் இராசராசன். பாண்டிய மன்னர் எவருடைய படமாவது உண்டா என்று கேட்டோம். அச்சகத்துப் பெரியவர் சற்றே யோசித்துவிட்டு, "மீனாட்சி கல்யாணம் இருக்குது ஐயா, அம்மனும் பாண்டியன் மகதானே" என்றார். சிரித்தோம். பாண்டிநாட்டின் நெஞ்சுப்பகுதியில் அமர்ந்துகொண்டு சோழன் படத்தை அச்சிடும் ஊரில் வேறென்ன விடையை எதிர்பார்த்திருக்க முடியும்?

அதே சிவகாசியின் பெயரைத் தாங்கிய செப்பேடு ஒன்று உண்டு. பாண்டியர் செப்பேடுகளைத் தொகுத்தவர்கள் 'சிவகாசிச் செப்பேடு' என்று குறிப்பிடுவது அதனைத்தான். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட வீரபாண்டியன் காலத்தது. சோழர் கதை படித்த எவருக்கும் அவனைத் தெரியும். ஆனால் தலையில்லாதவனாக மட்டுமே தெரியும். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் அவன் குடிசைக்குள் காயப்பட்டுக் கிடப்பவன். ஆதித்த கரிகாலன் வாளுக்கு இரையாகிறவன். நந்தினியின் பழிக்குக் காரணமாகிறவன். 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபோதும் அதுவே அவன் பங்கு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாடாண்ட ஒருவனை, அவன் இறந்த சில நாழிகைகளுக்குள் சுருக்கிவிட்டோம். அவன் வாழ்ந்த காலத்தைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாவலின்மீது நமக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. பள்ளி நாட்களில் ஐந்து பாகங்களையும் விடிய விடியப் படித்தவர்கள்தாம் நாமும்.

கதையை வீரபாண்டியனின் தந்தை எனக் கருதப்படும் மாறவர்மன் இராசசிம்மனிலிருந்து தொடங்க வேண்டும். அவனுடைய பதினாறாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாரதத்தைத் தமிழில் பெயர்த்ததையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் தன் முன்னோரின் பெருமைகளாகச் சொல்கிறது. தமிழ்ச் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இன்றும் கைகாட்டும் சான்றுகளில் அது முதன்மையானது. அந்தப் பெருமிதம் நெடுநாள் நீடிக்கவில்லை. கி.பி. 907-இல் சோழ அரியணை ஏறிய முதற் பராந்தகன், 910-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே 'மதுரை கொண்ட' என்னும் அடையைச் சூடிக்கொண்டான். இராசசிம்மன் ஈழத்து மன்னனிடம் படைத்துணை கேட்டான். ஐந்தாம் காசியப்பன் அனுப்பிய படை பாண்டியனோடு சேர்ந்து வெள்ளூரில் சோழரை எதிர்த்தது; தோற்றது. எஞ்சிய ஈழப்படையைக் கொள்ளைநோய் தின்றது என்று மகாவம்சத்தின் பிற்பகுதி சொல்கிறது.

தோற்ற பாண்டியன் கடல் கடந்தான். அங்கே நான்காம் தப்புலன் அவனை வரவேற்றான்; ஆனால் அவைக்குள் எழுந்த பூசலால் உதவி கைகூடவில்லை. இராசசிம்மன் தன் குலமுடியையும் அரச அணிகளையும் ஈழத்திலேயே விட்டுவிட்டு, தாய் வானவன் மாதேவியின் பிறந்த நாடான சேரநாட்டுக்குப் போய்விட்டான். வரலாற்றில் அவன் மறைவது அங்கேதான். அந்த முடிக்கு மட்டும் நெடுங்கதை உண்டு. அதை மீட்டுத் தன் தலையில் சூட வேண்டும் என்று பராந்தகன் முதுமையில் ஈழத்தின்மீது படை அனுப்பினான். நான்காம் உதயன் முடியைத் தூக்கிக்கொண்டு ரோகணத்துக்குள் ஒளிந்தான். படை வெறுங்கையோடு திரும்பியது. பின்னர் முதலாம் இராசேந்திரன்தான் 1017-ஐ ஒட்டி அதைக் கைப்பற்றினான். அவன் மெய்க்கீர்த்தி அதனை மறவாமல் பாடுகிறது.

இந்தக் கணக்கைக் கவனித்தால் ஒன்று புலப்படும். வீரபாண்டியன் ஆண்ட காலம் முழுவதும் அவன் குலமுடி கடலுக்கு அப்பால், பகைவன் தேடியும் கிட்டாத மறைவிடத்தில் இருந்தது. தந்தை விட்டுச்சென்ற முடி இல்லாமலேயே அவன் அரசனானான்.

எப்படி ஆனான்? வாய்ப்பு வடக்கிலிருந்து வந்தது. 949-இல் இன்றைய அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையும் சோழர் படையும் மோதின. யானைமேல் இருந்த சோழ இளவரசன் இராசாதித்தனைக் கங்க மன்னன் பூதுகன் கொன்றான். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பராந்தகன் கட்டியெழுப்பியதெல்லாம் சரிந்தது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. தெற்கே காத்திருந்தவன் எழுந்தான். வீரபாண்டியனின் ஆட்சித் தொடக்கத்தை 946-ஐ ஒட்டி வைப்பர் ஆய்வாளர். அப்படியானால் தக்கோலத்துக்கு முன்பே அவன் அசையத் தொடங்கிவிட்டான். சில ஆண்டுகளில் அவனது கல்வெட்டுகள் புதிய தொடரோடு தொடங்குகின்றன: 'சோழன் தலைகொண்ட கோவீரபாண்டியன்'.

எந்தச் சோழன்? இங்கேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். பராந்தகனின் மைந்தருள் ஒருவனான உத்தமசீலி என்பார் உண்டு. தலைகொள்வது என்பது தலையை வெட்டுவதன்று, பகைவன் தலையைத் தன் காலடியில் வணங்கச் செய்வது என்று பொருள் கொள்வாரும் உண்டு. சோழர் செப்பேடுகள் இந்த நிகழ்ச்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை; தோல்வியைச் செம்பில் வெட்டி வைக்க எந்த அரசவைப் புலவருக்கும் ஆணை கிடைத்திருக்காது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாண்டியனின் 'தலைகொண்ட' என்பதை வணக்கம் என்று மென்மையாக்கிப் படிக்கிறவர்கள், சோழ இளவரசன் பின்னர் அதே சொல்லைப் பயன்படுத்தும்போது மட்டும் குருதி கொட்டும் பொருளில் படிக்கிறார்கள். அதற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் விரிவான வருணனை துணை நிற்கிறது என்பது உண்மையே. ஆயினும் அந்தச் செப்பேடு வெற்றி பெற்ற குலத்தின் பேரன்மார் காலத்தில் எழுதப்பட்டது என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

'கொண்ட' என்னும் சொல்லைப் பற்றி இங்கே சிறிது சொல்லத் தோன்றுகிறது. மதுரை கொண்ட, ஈழமும் கொண்ட, தலைகொண்ட, கங்கை கொண்ட, கடாரம் கொண்ட என்று நம் மன்னர்கள் பெற்ற விருதுகள் எல்லாம் இந்த ஒரு வினையில் தொங்குகின்றன. உலகின் மறுகோடியில் இதே காலத்தில் இன்னொரு 'கொண்டான்' குலம் தோன்றியது. பராந்தகன் மதுரையை எடுத்த அதே வேளையில், 911-இல், வடகடலிலிருந்து வந்த ரோலோ என்னும் கொள்ளைத் தலைவனுக்குப் பிரெஞ்சு மன்னன் செய்ன் ஆற்றின் முகத்துவாரப் பகுதியைக் கொடுத்து அமைதி வாங்கினான். அதுவே நார்மண்டி. அந்த வழியில் வந்த வில்லியம் 1066-இல் கடல் கடந்து போய் ஹேஸ்டிங்ஸ் போரில் ஹெரால்டைக் கொன்று இங்கிலாந்தைக் கொண்டான். உலகம் அவனை இன்றும் 'கொண்டவன்' என்றே அழைக்கிறது. ஹெரால்டின் தாய், மகனின் உடலுக்கு ஈடாக அதன் எடைப் பொன் தருவதாகச் சொல்லியும் வில்லியம் மறுத்தான் என்று அவன் புகழ்பாடிய வரலாற்றாசிரியரே எழுதுகிறார். தோற்றவனுக்குக் கல்லறை எழுந்தால் அது கோயிலாகிவிடும் என்ற அச்சம் வென்றவனுக்கு எப்போதும் உண்டு.

வீரபாண்டியனுக்குத் திரும்புவோம். அவன் அரசு எவ்வளவு பரந்தது? சுசீந்திரம், அம்பாசமுத்திரம் முதல் நம் திருச்சுழி வரை அவன் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. வைகையாற்றங்கரையில் உள்ள சோழவந்தானைக் கல்வெட்டுகள் சோழகுலாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்கின்றன. சோழர் குலத்துக்குக் கூற்றுவன் என்று பொருள்படும் பெயர். வீரபாண்டியன் விருதோடு அதனைப் பொருத்துவர். அதற்கு எதிரொலிபோலச் சோழநாட்டில் பின்னர் ஒரு வளநாட்டுக்குப் பாண்டியகுலாசனி என்று பெயர் வந்தது. அசனி என்றால் இடி. ஒருவன் கூற்றுவன், ஒருவன் இடி. இரண்டு பெயர்களுக்கும் கீழே நெல் விளைந்துகொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

சோழர் தலையெடுக்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. சுந்தர சோழன் 957-ஐ ஒட்டி ஆட்சிக்கு வந்தபின் தெற்கு நோக்கிப் படை எடுத்தான். சேவூரில் பெரும்போர். பதின்பருவத்து ஆதித்தன் அங்கே வீரபாண்டியனோடு பொருததை, யானையோடு விளையாடும் சிங்கக்குட்டிக்கு ஒப்பிடுகிறது லெய்டன் செப்பேடு. கொடும்பாளூர் வேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரியும் தானே வீரபாண்டியனை வென்றதாக மூவர்கோயில் கல்வெட்டில் பொறித்துக்கொண்டான். சுந்தர சோழனுக்கோ 'பாண்டியனைச் சுரம் இறக்கின பெருமாள்' என்றே பெயர் வந்தது. பாலை நிலத்துக்குள் பாண்டியனை விரட்டியவன் என்று பொருள். கரிசலும் முள்ளும் மண்டிய இந்த வெயில் நாட்டில் நடக்கும்போதெல்லாம், அந்தச் சுரம் எங்கே இருந்திருக்கும் என்று நம் நண்பர்களுக்குள் ஒரு வழக்கு நடக்கும். மேற்கே மலையடிவாரம் என்பார் ஒருவர். கிழக்கே குண்டாற்றுப் படுகை என்பார் இன்னொருவர். செய்யுள் வழக்கில் வந்த சொல்லுக்கு நிலப்படம் தேடுவது வீண் வேலைதான். ஆனாலும் தேடாமல் இருக்க முடிவதில்லை.

ஈழம் மீண்டும் பாண்டியனுக்குத் துணை நின்றது. அதற்காகச் சோழர் படை கடல் கடந்தது. அதன் தலைவனான கொடும்பாளூர்ச் சிறியவேளான் அங்கேயே மடிந்தான். 964 முதல் 969 வரையான ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு நாளில் வீரபாண்டியன் வீழ்ந்தான். 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்று ஆதித்தனின் கல்வெட்டுகள் தொடங்குகின்றன. ஒருவன் சூடிய விருதைச் சொல் மாறாமல் பிடுங்கி அவன்மீதே திருப்பியதுபோல் இருக்கிறது. தலையைத் தன் தலைநகரில் தூணில் ஏற்றினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு.

ஆதித்தனும் நெடுநாள் வாழவில்லை. அவனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்து விற்ற செய்தியை, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆண்டு உடையார்குடிக் கல்வெட்டு பதிந்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டில் கொலையுண்டவன் பெயர் 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழன்' என்றே வருகிறது. கொன்றவர்களுள் ஒருவனான இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனின் பெயர். இந்த ஒரு சொல்லை விதையாகக் கொண்டுதான் கல்கி தம் ஆபத்துதவிகளின் சதியை வளர்த்தெடுத்தார். அதே கல்வெட்டில் இன்னொருவனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்ற பட்டம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பட்டத்தை மட்டும் வைத்து யார் யாருடைய ஆள் என்று தீர்ப்பு எழுத முடியாது. சோழ அவைக்குள்ளேயே காரணம் தேடுகிறவர்களும், பாண்டியர் பழி என்று சொல்கிறவர்களும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் நூல்களில் கிடைப்பது. நாள்காட்டி பார்த்த சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாம் நால்வர் சிவகாசியிலிருந்து புறப்பட்டு விருதுநகர், அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழிக்குப் போனோம். வழியில் விருதுநகரில் தேநீர் அருந்தியபோது அவ்வூர்ப் பெயர்க்கதை பேச்சில் வந்தது. ஊர் ஊராக வென்று விருதுக் கொடிகளைச் சுமந்து வந்த ஒரு வீரனை உள்ளூர்க்காரன் ஒருவன் வென்று, அத்தனை விருதுகளையும் இங்கேயே இறக்கி வைக்கச் செய்தானாம், அதனால் விருதுபட்டி. 1923-இல் அது விருதுநகர் ஆயிற்று. ஊர்க்கதைதான். விருதுகளால் ஆன ஒரு வரலாற்றைத் தேடிப் போகும் வழியில், விருதைப் பறிகொடுத்தவன் பெயரால் ஓர் ஊர் நிற்பது நமக்குப் பிடித்திருந்தது.

திருச்சுழி பாடல் பெற்ற தலம். திருமேனிநாதர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். 1879-இல் இரமண மகரிசி பிறந்த ஊரும் அதுவே. அவ்வூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருகே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் என்ற சிற்றூர். அங்கே காளநாதசுவாமி கோயில். வீரபாண்டியனின் கல்வெட்டுகள் கூட்டமாகக் கிடைத்த இடம் அது. கல்வெட்டில் இறைவன் பெயர் சுந்தரபாண்டிய ஈசுவரத்து மகாதேவர். பள்ளிமடம் என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே 'பள்ளி' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. இறந்த அரச குலத்தவரின் நினைவாக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இது என்பர். சுந்தரபாண்டியன் வீரபாண்டியனின் உடன்பிறந்தான் என்றும் கருதுவர். சோழநாட்டில் இத்தகைய கோயில்கள் சில அறியப்பட்டவை: முதலாம் ஆதித்தனுக்குத் தொண்டைமானாட்டில், அரிஞ்சயனுக்கு மேல்பாடியில், பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீசுவரத்தில். பாண்டிநாட்டில் அரியவை. அந்த அரியது ஒன்று நம் மாவட்டத்தில், நம் கரிசலில் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன? போரைப் பற்றி எதுவும் இல்லை. ஆட்டைப் பற்றிச் சொல்கின்றன. தொடக்கத்தில் 'சோழன் தலைகொண்ட கோவீரபாண்டியற்கு யாண்டு' என்று வருகிறது. அடுத்து, இன்ன ஊர் இன்னான் இந்தத் தேவருக்கு நந்தாவிளக்கு எரிக்க இத்தனை ஆடு கொடுத்தான், அவ்வளவே. ஆடு என்றால் சாவா மூவாப் பேராடு. கிடையில் கிழடாவதும் சாவதும் குட்டியால் ஈடுசெய்யப்படும், எண்ணிக்கை குறையாது, நாள்தோறும் அளந்த நெய் வந்துகொண்டிருக்கும், விளக்கு அணையாது. வானம் பார்த்த இந்தப் பூமியில் நெல்லைவிட ஆடு நம்பத் தக்கது என்பதைக் கொடுத்தவரும் அறிவர், பெற்ற கோயிலாரும் அறிவர். பகைவன் தலையை அறுத்த அறிவிப்பை முகப்பில் தாங்கிக்கொண்டு, அதன் கீழே நெய்க்கணக்கு எழுதிய கல் அது. விருது அரசனுடையது, கல்வெட்டுக்குக் காரணமானவர்கள் குடிகள். அரசன் இத்தகைய ஓலைகளின் முதல்வரியில் ஆண்டுக்கணக்காக மட்டுமே நிற்கிறான். அந்தக் கணக்கு இருபதாம் ஆண்டுவரை நீள்கிறது. இருபது ஆண்டுகள் ஒரு நிலப்பரப்பின் மக்கள் தம் ஈகைக்கு அவன் பெயரால் நாள் குறித்தார்கள். தோற்ற அரசன் எனப்படும் ஒருவனுக்கு இது சிறிய சான்று அன்று.

எழுத்தைப் படிக்க நமக்குப் பயிற்சி போதாது. பதிப்பித்த நூலின் நகலை வைத்துக்கொண்டு, 'தலைகொண்ட' என்ற எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று கல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஓர் அம்மா சற்று நேரம் நின்று பார்த்தார். "என்னய்யா தேடுறீக? புதையலா?" என்றார். "இல்லம்மா, பழைய எழுத்து. ஆடு கொடுத்த கணக்கு எழுதியிருக்காம்" என்றோம். "எத்தனை உருப்படி?" என்று கேட்டார் அவர். இதுவரை இந்தக் கல்வெட்டைப் பற்றி நாம் கேட்ட கேள்விகளிலேயே பொருத்தமானது அதுதான். நூலைப் புரட்டி எண்ணைச் சொன்னோம். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

வில்லியத்தின் கதையில் நாம் பாதியில் நிறுத்திய பகுதி ஒன்று உண்டு. 1087-இல் அவன் இறந்தபோது, நார்மண்டியின் கான் நகரில் தானே எழுப்பிய மடத்துக் கோயிலில் அடக்கம் நடந்தது. சடங்கின் நடுவே அசலின் என்ற ஊர்க்காரன் எழுந்து, இந்த நிலம் என் தந்தையுடையது, வில்லியம் பறித்துக்கொண்டது, பறித்தவனை இதில் புதைக்க விடமாட்டேன் என்று தடுத்தான். இங்கிலாந்து கொண்டவனின் குழிக்கு அறுபது சில்லிங் கொடுத்த பிறகே அடக்கம் தொடர்ந்தது. 1562-இல் மதப்பூசலில் கல்லறை உடைபட்டது. ஒரு தொடையெலும்பு எஞ்சியது. வீரபாண்டியனுக்கோ அதுவும் இல்லை. தலை தூணுக்குப் போயிற்று. உடல் எங்கே கிடந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவனுடைய பள்ளிப்படை என்று நாம் காட்டக்கூடிய கோயிலும் இல்லை. தன் உடன்பிறந்தானுக்கு வாய்த்த கோயிலில், ஆடு கொடுத்தவர்களின் பெயர்களுக்கு மேலே அவன் பெயர் இருக்கிறது.

அவனுக்குப் பின் பாண்டிநாடு நெடுங்காலம் எழவில்லை. அமரபுயங்கனை இராசராசன் வென்றான். இராசேந்திரன் தன் மகனையே சோழபாண்டியன் என்ற பெயரில் மதுரையில் அமர்த்தினான். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தபோதுதான் கணக்கு மறுபுறம் சாய்ந்தது. அந்தத் தீயிலும் ஒரு மண்டபம் தப்பியது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குக் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபம் என்பதற்காக அதனைப் பாண்டியன் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

பள்ளிமடத்துக்குப் போக நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று: அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்து உண்டு; திருச்சுழியிலிருந்து வழி கேட்டுக்கொண்டே போய்விடலாம். காலையில் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் கல்லெழுத்து கண்ணுக்குப் புலப்படும். நாம் உச்சிவேளையில் போய்த் தவறவிட்டோம். திரும்பும்போது சிவகாசி அச்சகத்துப் பெரியவருக்குக் காட்டக் கோயிலை ஒரு படம் எடுத்து வந்தோம். மறுநாள் அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கோபுரம் இல்லையே ஐயா, நாள்காட்டிக்கு எடுபடுமா?"